பெண்டுகள் இம்மணி அடியார்

கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, நான் கோயில் மணிக்கயிற்றில் கை வைத்துவிட்டேன். என் மாமியார் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"ஐயோ, உடு! கையை எடு! கல்லுல எழுதியிருக்குது."

வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருஷம் அது. என் பிறந்த வீடு கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில். எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு, மல்லாட்டைக் கொடியில் கடலை ஆய்வதும் மாடு கட்டுவதுமாக இருந்தவள் நான். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் மணி எட்டினால் அடிக்கலாம், எட்டாவிட்டால் யாராவது தூக்கிவிடுவார்கள். மணி அடிப்பதில் ஆண் என்ன, பெண் என்ன என்பதே எனக்குத் தெரியாது.

மாமியார் காட்டிய இடத்தைப் பார்த்தேன். மணிக்கூண்டின் கருங்கல் அடித்தளத்துக்குப் பக்கத்துச் சுவரில் வெள்ளையடித்து, அதன் மேல் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது.

"படிச்ச பொண்ணுதானே நீ. படி, பாப்போம்."

"பெண்டுகள் இம்மணி அடியார். கல்வெட்டுப்படி."

"அதான். பொம்பளைங்க இந்த மணியை அடிக்க மாட்டாங்க. ராசா காலத்துல போட்ட சட்டம். நான் இந்தத் தெருவுக்கு வந்து இத்தினி வருஷமாச்சு, கயித்தைத் தொட்டதில்லை. நீ வந்து ஒரு வாரம் ஆகல!"

அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இதிலும் அப்படியே எழுதுகிறேன். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்பு வரியை மட்டும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்வார். தெருவில் எல்லாப் பெண்களும் சொல்வார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மணிக்கூண்டு என்றவுடன் கடிகாரம் வைத்த கூண்டு என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய கோயிலுக்கு மேற்கே, மலையடிவாரம் தொடங்கும் இடத்தில் எங்கள் தெரு. தெருவின் கடைசியில் ஒரு பழைய சிவன் கோயில். பெரிய கோயில் இருக்கிற ஊரில் மற்றதெல்லாம் சின்னக் கோயில்தானே, இதற்கும் அதுதான் பெயர். அதன் வாசலுக்கு வலப்பக்கம், இரண்டு ஆள் உயரக் கல் மேடை. மேடை மேல் நாலு கல் தூண். தூண்களுக்கு மேலே பாறை மாதிரி ஒரு பலகைக் கல். நடுவில் மணி. சோறு வடிக்கிற அண்டாவைக் கவிழ்த்த அளவு இருக்கும். அதன் நாக்கில் கட்டிய கயிறு தெருப் பக்கமாகத் தொங்கும். இழுத்தால் முதலில் ஒரு முனகல் வரும், அப்புறம்தான் நாதம் வரும். வந்தால் அது லேசில் அடங்காது. காதில் கேட்பது நின்ற பிறகும் பாத்திரத்துத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும்.

இந்தக் கூண்டின் சரித்திரத்தை யாரும் புத்தகமாக எழுதவில்லை. தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சோழன் கட்டினது என்பார் ஒருவர். சம்புவராயர் காலம், அதுக்கு முன்னாடி போகாது என்பார் இன்னொருவர். சண்டைக் காலத்தில் வெண்கலம் கண்ட இடமெல்லாம் பீரங்கிக்கு உருக்கினார்களாம். அப்போது மணியை அவிழ்த்துக் கோயில் குளத்தில் இறக்கிவிட்டார்களாம். எந்தச் சண்டை, எந்தப் படை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிறகு பெரிய பஞ்சம் வந்து குளம் வற்றியபோது, வெடித்த சேற்றுக்கு நடுவே மணி தலையைக் காட்டியதாம். தண்ணீர் தேடிப் போனவர்கள் மணியோடு வந்தார்கள், அன்று சாயங்காலமே மழை கொட்டியது என்று முடிப்பார்கள். மழை வந்ததோ இல்லையோ, மணி வந்தது நிஜம். அதன் விளிம்பில் ஒரு பக்கம் பச்சை பிடித்த தடம் இன்றைக்கும் இருக்கிறது.

எனக்கு அந்த மணி சரித்திரமாகத் தெரியவில்லை. அது எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி.

என் வீட்டுக்காரர் தெருமுனையில் மாவு மிஷின் வைத்திருக்கிறார். காலையிலிருந்து அந்தப் பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஆனால் உச்சிக்கால மணி மட்டும் கேட்டுவிடும். உடனே மிஷினை நிறுத்திவிட்டு, முகத்தில் இருக்கும் மாவோடு வீட்டுக்கு வருவார். அத்தை அதுவரை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொட மாட்டார். "மணி அடிச்சா சாமி சாப்ட்டாருன்னு அர்த்தம். சாமிக்கு முன்னாடி நமக்கு என்ன அவசரம்?" என்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்கு அது விரதம் மாதிரி. மணி கேட்கும், வாசலுக்கு வருவார், கோயில் திசையில் கும்பிடுவார், அப்புறம்தான் தட்டு. கொஞ்ச நாளில் எனக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. பசி வயிற்றில் தொடங்குவது போய்க் காதில் தொடங்க ஆரம்பித்தது.

மணி அடிக்கிறவர் ஒரு பெரியவர். மற்ற ஊர்களில் மணியக்காரர் என்றால் வரி வசூலிக்கிறவர். எங்கள் தெருவில் மணி அடிப்பதால் இவர்தான் மணியக்காரர். "என்ன மணியக்காரரே, வசூல் எப்படி?" என்று கேலி செய்வார்கள். "புண்ணியம்தான் வசூல், உனக்கு வேணும்னா கொஞ்சம் தர்றேன்" என்பார். மூன்று வேளையும் தவறாமல் அடித்தார். இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் அவருக்கு முழங்கால் விட்டுப்போனது. பெங்களூரில் இருக்கும் மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகிற அன்றைக்கு ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஒரு தடவை அடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஆண்கள் முறை போட்டுக்கொண்டார்கள். முதல் வாரம் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது வாரம் கூப்பிட்டால் வந்தார்கள். அப்புறம் கூப்பிட்டாலும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பாதிப் பேருக்கு வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை. மீதிப் பேர் ஆசிரமத்துப் பக்கம் விடுதிகளில், கடைகளில், ஆட்டோவில். உச்சி வேளையில் தெருவில் இருக்கும் ஆம்பளை என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் கொஞ்ச நாள் ஓடி ஓடிப் போய் அடித்தார். மாவு அரைக்க வந்த பெண்கள் விடுவார்களா?

"தூக்கை வெச்சுட்டு நிக்கறோம், ஆளைக் காணோம். மிஷின் வெச்சிருக்கறீங்களா, மடம் வெச்சிருக்கறீங்களா?"

"சாமிக்குத்தாம்மா போனேன்."

"சாமிக்கு நாங்களும்தான் கொழுக்கட்டை செய்யணும். மாவைக் குடுங்க, சாமி ரெண்டையும் ஏத்துக்குவாரு."

இப்படியே மணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது. அப்புறம் நின்றே போனது.

அத்தைக்கு அப்போது சர்க்கரை வந்திருந்தது. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் மணி கேட்காமல் அவருக்குச் சாப்பிடத் தெரியவில்லை. தட்டை வைத்தால், "இரு, அடிப்பாங்க" என்பார். "அத்தை, இன்னைக்கு யாரும் அடிக்க மாட்டாங்க, சாப்பிடுங்க" என்றால், "நீ கண்டியா?" என்பார். கடிகாரத்தைக் காட்டினேன். "அது கடையில வாங்கினது" என்றார். அரவை முடிந்து மூன்று மணிக்கு மகன் வந்து அதட்டினால்தான் இரண்டு வாய் சாப்பிடுவார். அதுவும் ஏதோ தப்புச் செய்வது போல, கோயில் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு நாள் சர்க்கரை இறங்கிப்போய், கண் இருட்டிக்கொண்டு வந்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தேன். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்டது, "அடிச்சுட்டாங்களா?"

அன்றைக்கு நான் மலையைப் பார்த்து நின்றுகொண்டு அழுதேன். அண்ணாமலையாரே, ஒரு மணிச் சத்தம்தானே கேட்கிறோம் என்று கேட்டேன்.

அவர் வேறு மாதிரிப் பதில் சொன்னார். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்வது என்று முடிவானது. கமிட்டி போட்டார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் தலைவர். நல்ல மனுஷர், கோயிலுக்கு என்றால் கைக்காசு போட்டுச் செய்வார். கோயில் முற்றத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து விவரம் சொன்னார்.

"கூண்டு சாஞ்சுக்கிட்டே வருது. கல் இடுக்குல அரசங்கன்னு வேர் உட்டிருக்குது. என்னைக்கு யார் தலையில உழுமோ தெரியாது. அதனால கூண்டைப் பிரிச்சுடறோம். ஒரு பக்தர் மிஷின் வாங்கித் தர்றாரு. மணியும் மேளமும் ஒண்ணாச் சேர்ந்தது. ஸ்விட்சைத் தட்டினா போதும், தானா அடிக்கும். அந்தப் பழைய மணியை உருக்கி, சின்னச் சின்னப் பூசை மணியாச் செஞ்சு, நன்கொடை தந்தவங்களுக்குத் தந்துடலாம்."

ஆண்கள் தலையாட்டினார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்தபடி புடவை நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"கூண்டை நிமித்திக் கட்ட முடியாதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

தலைவர் கோபப்படவில்லை. "முடியும்மா. ஸ்தபதிகிட்ட கேட்டுட்டேன். வேரை எடுத்துட்டு, கல்லை எறக்கி ஏத்தலாம்னுதான் சொல்றாரு. ஆனா எதுக்கு? அடிக்க ஆள் வேணுமே. தெனமும் மூணு வேளையும் நான் அடிக்கறேன்னு யாராவது கை தூக்குங்க, நாளைக்கே நிமித்திக் கட்டறேன். ஆள் இல்லாத மணிக்குக் கூண்டு எதுக்கு?"

ஆண்கள் பக்கம் பார்த்தார். ஒருவர் செருப்பைத் தேடினார். ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார்.

"நாங்க அடிக்கிறோம்" என்றேன்.

சிரிப்பு வந்தது. யாரோ, "கல்லுல எழுதியிருக்குதே, படிக்கலையா?" என்றார். அதைவிட எனக்கு வலித்தது அத்தை சொன்னதுதான். "வாயை மூடு. மணிக்குப் பாவம் பாத்து, சாமிக்குப் பாவம் பண்ணுவியா?" என்று எல்லோரும் கேட்கும்படியாகச் சொன்னார். அதோடு கூட்டம் முடிந்தது. வேலையாட்கள் வந்து முதலில் அடித்தளத்தைச் சுற்றித் தோண்டுவது, அப்புறம் மேலிருந்து கல்லைப் பிரிப்பது என்று ஏற்பாடு.

தோண்டினார்கள். எங்கள் தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போடுவார்கள். தெரு ஏறிக்கொண்டே வந்து, கோயில் படிகளில் கீழ்ப்படிகள் மண்ணுக்குள் போய்விட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். கூண்டின் அடித்தளமும் அப்படிப் போயிருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் கோயில் வாசலில் கோலம் போடப் போனேன். பள்ளத்துக்குள் கல் இன்னும் இடுப்பளவு கீழே போயிருந்தது. சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்த வரிக்கு மூலமான வரி கல்லில் தரையோடு தரையாக வெட்டியிருக்கும்; அதுவரை வெளியே தெரிந்தது அது ஒன்றுதான். அதற்கும் கீழே, ஈரமண் அப்பிய கல்லில், வரி வரியாக எழுத்து.

எழுத்தென்று தெரிந்தது. என்ன எழுத்தென்று தெரியவில்லை. எதிர்வீட்டில் இருக்கிறவர் தமிழ் டீச்சர். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழைய கோயில்களுக்குப் போய் எழுத்துக் காட்டுகிறவர். ஓடிப் போய்க் கதவைத் தட்டினேன். தலை வாரிக்கொண்டிருந்தவர் சீப்பு கையிலேயே இருக்க வந்தார்.

பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார். "கழுவணும். துடைப்பம் வேண்டாம், தேங்காய் நார் கொண்டாங்க" என்றார். நான் நாரும் குடத்தில் தண்ணீரும் எடுத்து வந்தேன். மெதுவாகத் தேய்த்துக் கழுவினோம். பழந்துணியால் ஒற்றி எடுத்தோம். வெயில் ஏறியதும் கல் காய்ந்தது. ஆனாலும் கருங்கல்லில் கருப்பு எழுத்து, கண்ணுக்குப் பிடிபடவில்லை.

"சாக்பீஸ் பொடி இருந்தா நல்லா இருக்கும்" என்றார் டீச்சர்.

"மாவு இருக்குதே!" என்றேன்.

மிஷினுக்கு ஓடி ஒரு தூக்கு பச்சரிசி மாவு கொண்டுவந்தேன். அள்ளிக் கல்லில் தேய்த்தேன். மேட்டில் இருந்ததை உள்ளங்கையால் வழித்துவிட்டேன். பள்ளத்தில் மாவு நின்றது. நான் கை எடுக்க எடுக்க, எழுத்து ஒவ்வொன்றாக வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது. எத்தனை தலைமுறைக்கு முன்னால் யாரோ உளி வைத்துச் செதுக்கினது, இன்று என் கை மாவில் வெளிச்சத்துக்கு வருகிறதே என்று நினைத்தேன்.

பால் வாங்க வந்தவர்கள், தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், ஒவ்வொருவராகப் பள்ளத்தைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். எல்லாம் பெண்கள். டீச்சர் விரலை வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார். மேல் வரி, முதல் சொல் தவிர, எல்லோருக்கும் தெரிந்ததுதான். "இத்தெருப் பெண்டுகள் இம்மணி அடியார்." அடுத்த வரிக்கு வந்தபோது அவர் குரல் மாறியது.

"இவர்களுக்கு... நிசதம்... நாழி... அரிசி." மறுபடி முதலிலிருந்து படித்தார். அதற்கும் கீழே, "சந்திராதித்தவல்."

"என்ன டீச்சர், என்ன சொல்லியிருக்குது?"

டீச்சர் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "நிசதம்னா தினமும். சந்திராதித்தவல்னா சந்திரனும் சூரியனும் இருக்கிற வரைக்கும். இவங்களுக்குத் தினமும் ஒரு நாழி அரிசி, சந்திர சூரியர் உள்ள வரைக்கும்."

"எவங்களுக்கு?"

"மேல சொன்னவங்களுக்கு. பெண்டுகளுக்கு. நமக்குத்தான்! பாருங்க, 'கல்லார்'னா படிக்காதவங்க, 'உண்ணார்'னா சாப்பிடமாட்டாங்க. அந்த மாதிரி 'அடியார்'னா அடிக்கமாட்டாங்கன்னு ஒரு அர்த்தம் வரும். அதை வெச்சுத்தான் யாரோ பெயிண்டுல எழுதிட்டாங்க. அவங்களையும் சொல்லிக் குத்தமில்லை, மேல் வரி மட்டும்தானே தெரிஞ்சுது. நானும் தினமும் இதைப் பாத்துட்டுத்தான் ஸ்கூலுக்குப் போறேன், எனக்கும் தோணலையே! இது அடிக்காதவங்க இல்லைங்க. அடியார். நாயன்மாருங்களைச் சொல்றோமே, அந்த அடியார். இந்தத் தெருப் பெண்டுங்கதான் இந்த மணிக்கு அடியாருங்க."

கூடியிருந்தவர்கள் இன்னும் குனிந்து கல்லைப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒருத்தி, "அடியாருன்னா... தேவரடியாருன்னு சொல்வாங்களே, அதுவா? நம்ம தெருவுக்கு அந்தப் பேரு வேணாம்மா, நாளைக்குப் பொண்ணு எடுக்க வருவாங்க" என்றாள். அவள் சொன்னது பலர் மனசில் இருந்ததுதான். இரண்டு மூன்று பேர் பின்வாங்குவது தெரிந்தது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "அறுபத்து மூணு பேரு பெரிய கோயில்ல வரிசையா நிக்கறாங்களே, அவங்களை என்னன்னு கூப்பிடறோம்? அடியாருன்னுதானே? அவங்க வெச்சுக்கிட்ட பேரு நமக்குக் கசக்குதா? இந்தக் கல்லுல இருக்கிற பொம்பளைங்களும் சாமிக்கு வேலை செஞ்சவங்கதான். அவங்க கையைப் புடிச்சுட்டுத்தான் நாம நிக்கறோம்" என்றேன். பின்வாங்கியவர்களில் ஒருத்தி தலையில் இருந்த குடத்தை இறக்கிக் கீழே வைத்தாள்.

அந்த நேரத்துக்குத்தான் தலைவர் வந்தார். பின்னால் கடப்பாரையும் கயிறுமாக வேலையாட்கள். பள்ளத்தைச் சுற்றிப் பெண்கள் கூட்டம், மாவு பூசின கல், பள்ளத்துக்குள் டீச்சர். "என்னம்மா இது, கல்லுக்குச் சீமந்தமா?" என்றார்.

டீச்சர் எழுந்து எல்லாவற்றையும் படித்துக் காட்டி விளக்கினார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். மோவாயைத் தடவினார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம் டீச்சர். ஆனா பெரியவங்க இத்தினி காலம் ஒரு மாதிரி அர்த்தம் பண்ணி வெச்சிருக்காங்க. ரெண்டு அர்த்தமும் வரும்னு நீங்களே சொல்றீங்க. ராத்திரியோட ராத்திரியா நாம மாத்தினா, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னைக் கேக்கும்" என்றார். அவர் பயந்தது நியாயம்தான். கும்பாபிஷேகம் நெருங்கும்போது சாமி குற்றம் என்று ஒரு சொல் வந்துவிட்டால் அப்புறம் எந்தத் தலைவராலும் நிமிர முடியாது.

எனக்கு மனசு தளர ஆரம்பித்தது.

அப்போது அத்தை வந்தார். எங்கள் வீட்டிலிருந்து கோயில்வரை அவர் தனியாக நடந்து வந்து பல மாசம் ஆகியிருந்தது. யாரோ போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளத்தின் விளிம்பில் நின்று, வெள்ளை எழுத்தைக் குனிந்து பார்த்தார். படிக்கத் தெரியாது என்பதை மறந்தவர் போல அவ்வளவு நேரம் பார்த்தார்.

"டீச்சரம்மா, அரிசின்னு எங்கே எழுதியிருக்குது?"

டீச்சர் விரலை வைத்துக் காட்டினார்.

"நல்லாத் தெரியுமா, அரிசிதானா?"

"அரிசிதாங்க அம்மா. அதுல சந்தேகமே இல்லை."

அத்தை நிமிர்ந்தார். தலைவரைப் பார்த்தார். "ஏம்ப்பா, நீ கடை வெச்சிருக்கிறே. உன் கடையில வேலை செய்யாதவனுக்குச் சம்பளம் தருவியா?"

"எதுக்குக்கா தரணும்?"

"அப்புறம், அடிக்காம சும்மா உக்காந்துட்டு இருக்கறதுக்கு எந்த மகராசன்ப்பா தெனம் ஒரு நாழி அரிசி அளப்பான்? அதுவும் சூரியன் சந்திரன் உள்ள மட்டும்?"

முதலில் சிரித்தது வேலையாட்கள்தான். கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அப்புறம் டீச்சர், அப்புறம் நாங்கள் எல்லோரும். தலைவர் கொஞ்சம் தாங்கிப் பார்த்தார், முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"அக்கா, தோத்துட்டேன்" என்றார். "ராசா அரிசி குடுத்து அடிக்கச் சொன்னதை நாம இத்தினி காலமா வேணாம்னுட்டு இருந்திருக்கிறோம்."

"அப்போ இத்தினி வருஷத்து அரிசி?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"அம்மா தாயே, மிஷினைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்பறேன், அதை மட்டும் கேக்காதீங்க!"

அவர் வேலையாட்கள் பக்கம் திரும்பி, பிரிக்க வேண்டாம் என்றார். ஸ்தபதிக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார். தூண் சாய்ந்த பக்கம் அன்றைக்கே மரத்தில் முட்டுக் கொடுத்தார்கள். அது முடிவதற்குள் உச்சி வேளை ஆகிவிட, பூசை செய்கிறவர் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, உச்சிக்காலத்துக்கு நைவேத்தியம் தயார், மணி அடிப்பதானால் அடிக்கலாம் என்றார்.

யார் முதலில் என்ற கேள்வியே எழவில்லை. நான் அத்தையின் கையைப் பிடித்துக் கயிற்றுக்கு அழைத்துப் போனேன். அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அப்புறம் என்னைப் பார்த்து, "கனமா இருக்குமாடி?" என்று ரகசியமாகக் கேட்டார். இந்தத் தெருவிலேயே பயப்படத் தெரியாதவர் என்று நான் நினைத்திருந்த மனுஷி அவர்.

"நானும் புடிக்கிறேன் அத்தை."

இரண்டு பேரும் இழுத்தோம். மேலே நாக்கு அசைந்தது, அந்த முனகல் வந்தது, அப்புறம் நாதம் கிளம்பியது. மாதக்கணக்காக அடைபட்டிருந்ததெல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. கயிறு வழியாக அது என் தோளுக்குள் இறங்கி, காலுக்குப் போய், கல்லுக்குப் போனது. அத்தை வாயைத் திறந்துகொண்டு மேலேயே பார்த்தார். கண்ணீர் வழிந்து காதோரம் போனது, துடைக்கவில்லை. நிறுத்தவும் இல்லை.

"போதும், மத்தவங்களுக்கும் உடுங்க!" என்று பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். குடத்தை இறக்கி வைத்தவள் வந்தாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்ட டீச்சர், மாவுக் கையோடு இழுத்தார். ஒவ்வொருத்தியும் ஒரு தினுசாக அடித்தாள். சிலர் மெதுவாக, சிலர் கிணற்றில் தண்ணீர் சேந்துகிற வேகத்தில். நடுவில் யாரோ, "அண்ணாமலையாருக்கு" என்றாள். "அரோகரா" என்று நாங்கள் போட்ட சத்தம் மலையில் மோதித் திரும்பியது.

உச்சிக்கால மணி எப்போதும் கொஞ்ச நேரம்தான். அன்றைக்கு நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்ததால், பக்கத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பேர் வாளித் தண்ணீரோடு. என் வீட்டுக்காரர் முகமெல்லாம் மாவாக, மிஷினை நிறுத்தாமலேயே வந்து நின்றார்.

"என்ன ஆச்சு? எங்கே தீ? யாருக்கு என்ன?"

மறுபடி வரிசையில் வந்து இழுத்துக்கொண்டிருந்த அத்தை கயிற்றை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகல. மணி அடிக்குது. எல்லாரும் சாப்பிடப் போங்க."